அளவு நோட்டின் கடைசிப் பக்கம்

நாச்சிமுத்து செத்தது பதினேழாம் தேதி.
ஜி.எஸ்.டி. கட்டக் கடைசி நாள் இருபது.
ஆடிட்டர் ஆபீஸ் பையன் மாலையோடு வந்தவன்
மாலையைப் போட்டுவிட்டு
ஓ.டி.பி. கேட்டான்.

குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது போன்.
செய்தி வந்திருக்கிறது என்கிற செய்தி மட்டும்
கண்ணாடியில் மினுங்கி
பத்து நிமிடத்தில் காலாவதியானது.
ஒப்பாரி சற்றே ஓய்ந்த நேரம் பார்த்து
அவன் மகன் மூடியைத் தூக்கி
அப்பன் கட்டைவிரலை ஈரம் போகத் துடைத்து
போன்மேல் வைத்தான்.
நான்தான் மூடியைப் பிடித்துக்கொண்டேன்.
இரண்டு தரம். பிறகு இடது கை.
மீண்டும் முயற்சிக்கவும், என்றது.

துணியைத் தொட்டே
நூற்றறுபது கிராமா நூற்றெண்பதா சொன்ன விரல்.
போனுக்கு அது யாரோ.

அதனால் இந்த ஞாயிறு,
மங்கலம் ரோட்டில் ஒரு மிசினும் ஓடாத மத்தியானம்,
அளவு நோட்டைத் தலைகீழாகத் திருப்பி
எழுத உட்கார்ந்தேன்.

பேங்க்: முதல் ஓவர்லாக் வாங்கின வருசம்,
அதை எனக்கு விற்றவன் பேரோடு.
கரண்ட் பில்: குலதெய்வம். முதல் எழுத்து பெரிசு.
மெயில்: சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்தபோது
வட்டிக்கு வாங்கின தொகை.
பைசா பாக்கியில்லாமல் அடைத்தாயிற்று;
கடவுச்சொல்லில் மட்டும்
தினமும் ஒரு தரம் கடன்காரனாகிறேன்.
முதலில் படித்த பள்ளிக்கூடம் எது என்று கேட்ட இடத்தில்
பெரிய பள்ளிக்கூடமாக ஒன்றைச் சொல்லியிருந்தேன்.
அந்தப் பொய்யையும் எழுத்துப் பிசகாமல் எழுதினேன்,
பொய் இல்லாமல் அது திறக்காது.

ஃபேஸ்புக்: மூடிவிடவும்.
அடித்துவிட்டு,
படங்களை எடுத்துக்கொண்டு மூடிவிடவும்.

விட்டுப்போன வரி ஒன்று இருந்தது.
விட்டுப்போனதில்லை, விட்டது.
மாசம் அஞ்சாம் தேதி தானாகக் கழிகிற இரண்டாயிரம்.
எண்ட் கட்டரில் ரங்கநாயகிக்கு விரல் போன அன்று
எந்த ரெஜிஸ்டரிலும் அவள் பேரை நாங்கள் ஏற்றியிருக்கவில்லை.
'வீட்டில் அரிவாள்மனை' என்று
டாக்டரிடம் சொல்லச் சொன்னது நான்.
சொன்னாள்.
நாச்சிமுத்துவுக்குத் தெரியும். இனி எனக்கு மட்டும்.
நான் போனால் கணக்கை முடக்குவார்கள்.
அஞ்சு போய், ஆறும் போய்,
ஏ.டி.எம். வாசலில் நின்று
பாஸ்புக்கில்தான் ஏதோ தப்பு என்று நினைப்பாள்
அவள், அப்படிப்பட்டவள்.

கரண்ட் போனது.
கரண்ட் வந்தது.
எழுதினேன்:
ரங்கநாயகி, அஞ்சாம் தேதி, நிறுத்த வேண்டாம். விரல்.

ராத்திரி கமலவேணி கண்ணாடி போட்டுக்கொண்டு
பேனாவோடு படித்தாள்.
"மெயிலுக்கு இது பழசுங்க, ஆடியில மாத்துனீங்கல்லொ"
என்று அடித்துத் திருத்தினாள்.
உனக்கெப்படித் தெரியும் என்று வாயெடுத்தேன்.
அதற்குள் அந்த வரிக்கு வந்துவிட்டாள்.
பேனா நின்றது.
பிறகு அடுத்த வரி.

"எல்லாஞ் சரி, போனைத் தொறக்கற கோடு எங்கீங்க?"
"அத எழுத முடியாது. வரையோணும்."
ஒன்பது புள்ளி வைத்தேன்.
நான் சொல்வதற்குள்
அவளே இழுத்து முடித்தாள்.
"இதையும் மாத்தீருங்க. ரொம்பச் சுளுவா இருக்குது."

நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டி
லைட்டை அணைத்தாள்.
படுத்துக்கொண்டு, வெகுநேரம் கழித்து,
"அந்தப் புள்ளைக்கு எந்த விரலுங்க?" என்றாள்.

தூக்கிக் காட்டினேன்.
இருட்டில் அவளுக்குத் தெரிந்திருக்காது.